மூன்றாவது கோல்காப்பாளர்

தொழிற்பயிற்சியை விடப்போகிறேன் என்று ஜெனிஸ்டன் சொன்னபோது பென்ஜமின் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது.

“என்னத்துக்கு?”

“எல்வர்ஹாகன் கழகம் கூப்பிட்டிருக்கு அப்பா. ஒரு வருச ஒப்பந்தம். முழுநேர ஆட்டக்காரனா.”

1995ஆம் ஆண்டு யூன் மாதம். ஹனோவரில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. கீழே ட்ராம் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

பென்ஜமின் மன்னாரிலிருந்து வந்து டயர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் மனைவி புஷ்பமலரும் மகனும் வந்து சேர்ந்தார்கள். ஜெனிஸ்டனுக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் ஒரு சொல்லும் விளங்காமல் இருந்த காலம் அது. கோலுக்குள் நிற்க மற்றப் பிள்ளைகளுக்கு விருப்பமில்லாதபடியால் புதிதாக வந்தவனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவன் அங்கேயே நின்றுவிட்டான். பதினைந்து வயதில் மாவட்ட அணி, பதினேழில் மாநில அணி. பென்ஜமினுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் இருபத்திமூன்று இடங்களுக்கு விண்ணப்பம் எழுதி, ஒருவழியாக வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய் பூட்டுகிற ஒரு நிறுவனத்தில் மகனைப் பயிற்சிக்குச் சேர்த்த அன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

“இன்னும் ஒண்டரை வருசம்தான் கிடக்கு. அதை முடிச்சுப்போட்டுப் போ. பந்து ஒரு இடமும் ஓடாது.”

“பத்தொன்பது வயசில கூப்பிடுறாங்கள் அப்பா. இருபத்தொண்டில கூப்பிடமாட்டாங்கள்.”

இரண்டு பேரும் புஷ்பமலரைப் பார்த்தார்கள். அவளுக்கு உதைபந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. மகனுடைய சேற்று உடுப்புகளைத் தோய்க்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் குழாய் வேலைப் பயிற்சிக்குப் போய்வரும் நாட்களில் அவன் சப்பாத்தைக் கழற்றும் விதத்தையும், விளையாடிவிட்டு வரும் நாட்களில் கழற்றும் விதத்தையும் அவள் பார்த்திருக்கிறாள்.

“ஒரு வருசம்தானே. விடுங்கோ,” என்றாள்.

பென்ஜமின் அவளைப் பார்த்தார். “அப்ப உம்மட பொறுப்பு,” என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் திரும்பவும் பிசையத் தொடங்கினார்.

எல்வர்ஹாகன், ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்த சிறிய நகரம். அதன் கழகம் மூன்றாம் பிரிவில் ஆடியது. அங்கே மூன்று கோல்காப்பாளர்கள். முதலாமவன் ஓலாஃப், முப்பத்தொரு வயது, ஒருகாலத்தில் பெரிய பிரிவில் ஆடியவன். இரண்டாமவன் டிர்க், பயிற்சியாளரின் சொந்த ஊர்க்காரன். மூன்றாவது ஜெனிஸ்டன். மூன்றாவது கோல்காப்பாளன் என்றால் சனிக்கிழமைகளில் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில்கூட இடமில்லை என்பது புஷ்பமலருக்கு ஓகஸ்டில்தான் விளங்கியது.

“இண்டைக்கு விளையாடினியே?” என்று முதல் மூன்று கிழமையும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

கிழமை நாட்களில் அவன் பயிற்சிக்குப் போனான். மற்றவர்கள் கோலுக்குப் பந்தடித்துப் பழகுவதற்கு ஆள் வேண்டும். அதற்கு அவன் நின்றான். பயிற்சி முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் அடித்துப் பழக விரும்புகிறவர்களுக்கும் அவனே நின்றான். சனிக்கிழமை மற்றவர்கள் பேருந்தில் ஏறிப்போக, அவன் வீட்டுக்கு வந்து வானொலியில் முடிவைக் கேட்டான். மாதா கோவிலில் சனம் விசாரித்தது. “உங்கட மகன் ரீவியில வருவானே?” என்று பூசை முடிந்து வாசலில் நின்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். பென்ஜமின் சிரிக்கவில்லை.

ஒக்ரோபர் நடுவில் ஓலாஃபுக்குத் தோள்மூட்டு விலகியது. டிர்க் கோலுக்குள் போனான். மூன்று கிழமையில் டிர்க்குக்குத் தொடைத் தசை கிழிந்தது. நவம்பர் முதல் சனிக்கிழமை, பயிற்சியாளர் வீக்மன் வேறு வழியில்லாமல் ஜெனிஸ்டனை நிறுத்தினார்.

அன்று புஷ்பமலர் முதன்முதலாக ஆட்டம் பார்க்கப் போனாள். மழை. ஆயிரத்து ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். பச்சைச் சட்டையில் தூரத்தில் நின்ற தன் பிள்ளை இவ்வளவு உயரமா என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. இரண்டாம் பாதியில் அவன் நின்ற கோலுக்குப் பின்னால் எதிரணிச் சனம் நின்றது. பந்து அவனிடம் வரும்போதெல்லாம் அவர்கள் குரங்கு மாதிரிக் கத்தினார்கள். முதலில் அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது குடையை மடக்கிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கோலுக்கு மிகக் கிட்ட இருந்து ஒருவன் தலையால் முட்டினான். ஜெனிஸ்டன் பக்கவாட்டில் பாய்ந்து, ஒற்றைக் கையால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளினான். அந்தக் கத்தல் சட்டென்று நின்றது. எல்வர்ஹாகன் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது.

ரயிலில் வரும்போது அவள் கேட்டாள். “அவங்கள் கத்தினது உனக்குக் கேட்டதே?”

“அது எல்லா இடமும் நடக்கிறதுதான் அம்மா. நான் பந்தைத்தான் பாத்தனான்.” பிறகு, “அந்தக் கடைசிப் பந்தைப் பாத்தனீங்களே?” என்று கேட்டான்.

“பாத்தனான்.”

அவன் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் பிறகு எல்லாம் செய்தாள்.

இரண்டாவது ஆட்டமும் நன்றாகப் போனது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. வீக்மன் அவனைக் கூப்பிட்டு, இப்படியே ஆடினால் மார்ச்சில் இரண்டு வருட ஒப்பந்தம் பேசலாம் என்றார். மூன்றாவது ஆட்டத்தில் நிலம் உறைந்து கல்லாகக் கிடந்தது. உயரப் பந்தொன்றைப் பிடிக்க எழும்பியவன், ஒருவனின் தோளில் இடிபட்டு, வலது கையை ஊன்றி விழுந்தான். எழும்பி நின்று மிச்ச ஆட்டத்தையும் ஆடினான்.

திங்கட்கிழமை மத்தியானம் புஷ்பமலர் அதைக் கண்டாள். அவன் ஊறுகாய்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்து இடக்கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“வலக்கைக்கு என்ன?”

“ஒண்டுமில்லை.”

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டு கொஞ்சம்தான் வீங்கியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் விரலை வைத்தவுடன் அவன் முகம் வெளிறிப்போனது.

“டொக்டரிட்டக் காட்டினியே?”

“காட்டினால் மூண்டு கிழமை, நாலு கிழமை நிப்பாட்டிப்போடுவினம் அம்மா. டிர்க்குக்குத் தொடை சுகமாகுது. நான் ஒருக்கா வெளிய போனால் திரும்ப உள்ள வர ஏலாது. இன்னும் மூண்டு ஆட்டம்தான். அதோட குளிர்கால விடுமுறை. அப்ப எல்லாம் ஆறீடும்.”

“எலும்பு கிலும்பு உடைஞ்சிருந்தால்?”

“உடைஞ்சிருந்தால் விரலை அசைக்க ஏலுமே? பாருங்கோ.” அசைத்துக் காட்டினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. “அப்பாட்டச் சொல்லாதேங்கோ அம்மா. ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ.”

புஷ்பமலர் துப்புரவு வேலை செய்தது ஒரு மருத்துவமனையில், அதுவும் எலும்புப் பிரிவில். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, நோயாளிகளின் அறைகள், நடைபாதை, கடைசியாக டொக்டர்களின் அறைகள். டொக்டர் ஹென்னிங் என்ற பெண் அங்கே கை எலும்புகளைப் பார்ப்பவள். அவள் மட்டும்தான் புஷ்பமலருக்குத் தினமும் ‘ஃபிராவ் பென்ஜமின்’, திருமதி பென்ஜமின், என்று பெயர் சொல்லி வணக்கம் சொல்வாள். மறுநாள் காலை அந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது. டொக்டர் தனியாக இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு வேண்டிய ஜெர்மன் வசனத்தைப் புஷ்பமலர் ட்ராமில் வரும்போதே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். என் மகன் கையில் விழுந்துவிட்டான், ஒருக்கால் பார்ப்பீர்களா. அவ்வளவுதான்.

“வணக்கம், ஃபிராவ் பென்ஜமின். ஏதாவது வேண்டுமா?” என்றாள் டொக்டர்.

பார்த்தால் படம் எடுப்பார்கள். படம் எடுத்தால் கழகத்துக்குக் கடிதம் போகும். கடிதம் போனால் டிர்க் நிற்பான்.

“இல்லை. பிறகு வந்து துடைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவளே கட்டுப் போட்டாள். பென்ஜமின் காலைச் சிப்டுக்குப் போனபின், சமையலறை மேசையில் ஜெனிஸ்டன் கையை நீட்டி வைப்பான். நோவெண்ணெய் பூசி, இழுபடும் துணியால் மணிக்கட்டைச் சுற்றி, மேலே வெள்ளை நாடா ஒட்டுவாள். கோல்காப்பாளர்கள் வழக்கமாக நாடா ஒட்டுவதால் கழகத்தில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவன் வலிமாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு போவான். பந்தைப் பிடிப்பதற்குப் பதிலாகக் கைமுட்டியால் குத்தி வெளியேற்றப் பழகிக்கொண்டான். துணிச்சலான ஆட்டம் என்று பத்திரிகை எழுதியது. டிர்க்கின் தொடை சுகமான பிறகும் வீக்மன் ஜெனிஸ்டனைத்தான் நிறுத்தினார். அந்தச் செய்தியை அவன் வந்து சொன்ன அன்று பென்ஜமினே எழும்பிப்போய் மகனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். “சரி, நீ கெட்டிக்காரன்தான்,” என்றார். புஷ்பமலர் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

டிசம்பரில் ஆட்டங்கள் நின்றன. வீக்கம் வற்றியது. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனோடு நின்று படம் எடுத்தார்கள். சனவரியில் கை ஏறக்குறைய நோகவில்லை. ஆறிவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நம்பினார்கள். மாதா காப்பாற்றினார் என்று புஷ்பமலர் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

பெப்ரவரி கடைசியில் ஆட்டங்கள் திரும்பத் தொடங்கின. முதல் ஆட்டத்தின் இருபதாவது நிமிடம், தூரத்திலிருந்து ஒருவன் அடித்தான். அப்படியொன்றும் கடுமையான அடி இல்லை. நேராக வந்த பந்து. ஜெனிஸ்டன் இரண்டு கையையும் நீட்டினான். வலக்கை பின்னால் மடங்கியது. பந்து அவன் விரல்களைத் தள்ளிக்கொண்டு கோலுக்குள் போய் மெதுவாக உருண்டு நின்றது. அரங்கில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவன் எழும்பவில்லை. கையை வயிற்றுக்குள் வைத்து மடிந்துபோய்க் கிடந்தான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற புஷ்பமலருக்கு, சிரிப்பவர்கள் தங்கள் பக்கத்துச் சனம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

கழகத்து வைத்தியர் அவனை அனுப்பியது அவள் வேலை செய்த அதே மருத்துவமனைக்கு. திங்கட்கிழமை அவள் வேலையுடுப்போடேயே அவன் பக்கத்தில் இருந்தாள். டொக்டர் ஹென்னிங் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“இது சனிக்கிழமை உடைந்தது இல்லை. எப்போது விழுந்தாய்?”

“நவம்பரில்,” என்றான் ஜெனிஸ்டன்.

மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது என்று டொக்டர் விளக்கினாள். தோணி மாதிரி வடிவம், கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதற்கு இரத்தம் ஒரு பக்கமாகத்தான் போகும். உடைந்தால் சுளுக்கு மாதிரித்தான் இருக்கும். விரல் அசையும், வீக்கம் வற்றும், நோவும் குறையும். ஆனால் எலும்பு பொருந்தாது. இரத்தம் போகாத பாதி செத்துக்கொண்டு வரும். இவனுடையது பாதி செத்துவிட்டது.

“அப்போதே வந்திருந்தால் பத்துக் கிழமை மாவுக்கட்டு. அவ்வளவுதான் செய்திருப்போம்,” என்றவள், புஷ்பமலரைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். “ஃபிராவ் பென்ஜமின், நீங்கள் தினமும் இந்த அறைக்கு வருகிறீர்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

புஷ்பமலர் தரையைப் பார்த்தாள். காலையில் அவளே துடைத்த தரை.

மார்ச் கடைசியில், இடுப்பிலிருந்து எலும்புத் துண்டு எடுத்து வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் மாவுக்கட்டு. முழங்கைவரை வெள்ளையாக, கனமாக.

வீக்மன் ஏப்ரலில் வீட்டுக்கு வந்தார். பெரிய மனிதர், படியேறி வந்த களைப்பில் மூச்சு வாங்கினார். புஷ்பமலர் வைத்த தேநீரைக் குடித்தார். ஒப்பந்தம் யூனோடு முடிகிறது, நீடிக்க முடியாது, நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது என்றார். பிறகு தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

“நீ நவம்பரில் சொல்லியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன். பத்துக் கிழமைதானே. அதில் பாதிக்குமேல் குளிர்கால விடுமுறையோடு போயிருக்கும். மிஞ்சிப்போனால் மூன்று ஆட்டம்தான் நீ இழந்திருப்பாய். முதல் ஆட்டத்தைப் பார்த்தபோதே அடுத்த வருடத்துக்கு நீதான் என்று முடிவு செய்துவிட்டேன்.”

“அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே,” என்றான் ஜெனிஸ்டன்.

“இல்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.” வீக்மன் எழுந்தார். அவனுக்குக் கைகொடுக்க வலக்கையை நீட்டி, கட்டைக் கண்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பென்ஜமின் சுவரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் அறைக்குள் போனபின் மனைவியிடம் கேட்டார்.

“நவம்பரில எண்டு சொல்லுறார். உமக்குத் தெரியுமே?”

“ஓம்.”

“எப்பயிலிருந்து?”

“விழுந்து ரெண்டாம் நாள். நான்தான் கட்டுப் போட்டுவிட்டனான்.”

அவர் கத்துவார் என்று அவள் நினைத்தாள். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கொழுவியிலிருந்து யாக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, சிப்ட் தொடங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே வேலைக்குப் போய்விட்டார். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சாப்பாடு, வாடகை, கடிதம் என்று மற்ற எல்லாம் கதைத்தார். இதை மட்டும் கதைக்கவில்லை.

யூலையில் மாவுக்கட்டை வெட்டினார்கள். உள்ளேயிருந்து வந்த கை மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. மணிக்கட்டு முன்னால் பாதி மடங்கியது, பின்னால் மடங்கவேயில்லை. ஒட்டவைத்த எலும்பு பொருந்தவில்லை, இன்னொருமுறை வெட்டினாலும் உறுதி இல்லை என்றாள் டொக்டர் ஹென்னிங். கோல்காப்பு பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பென்ஜமின் ஒருநாள் விடுப்பு எடுத்து மகனைக் கூட்டிக்கொண்டு பழைய குழாய் நிறுவனத்துக்குப் போனார். முதலாளி நல்ல மனிதர். இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் யோசிக்கலாம் என்றார். பிறகு பெரிய குறடொன்றை எடுத்து ஜெனிஸ்டனின் வலக்கையில் கொடுத்து, ஒரு குழாய் மூட்டைக் காட்டி இறுக்கச் சொன்னார். ஜெனிஸ்டன் இரண்டுதரம் முயன்றான். மூன்றாம் தரம் குறடு வழுகித் தரையில் விழுந்தது. பென்ஜமின் குனிந்து அதை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

ஓகஸ்டில் தமிழ் விளையாட்டுக் கழகங்களின் சுற்றுப்போட்டி டுசல்டோர்ஃபில் நடக்க இருந்தது. ஹனோவர் அணிக்குப் பொறுப்பாக இருந்த நடேசன் வீட்டுக்கு வந்து, கோலுக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார். ஜெனிஸ்டன் ஏலாது என்றான். கை என்று அவன் சொல்லவில்லை. நடேசன் படியிறங்கும்போது, “ஜெர்மன்காரனோட விளையாடினாப் பிறகு எங்களோட விளையாட வெக்கமாக்கும்,” என்று சொன்னது திறந்த கதவுக்குள்ளால் தெளிவாகக் கேட்டது.

புஷ்பமலர் எழும்பினாள். “நான் போய் அவருக்குச் சொல்லுறன்.”

“வேண்டாம் அம்மா. அப்பிடியே நினைக்கட்டும்.”

அவன் சமையலறை மேசையில் இருந்தான். அவள் எதிரே இருந்தாள். மாதக்கணக்கில் அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அன்று வெளியே வந்தது.

“நீ என்னட்டக் கேட்டபடியால்தான் மோனை நான் சொல்லேல்லை. உன்ர ஆசையைக் கெடுக்கக்கூடாது எண்டு...”

“தெரியும்.”

“நான் டொக்டரிட்ட அறை வாசல் மட்டும் போனனான். கேக்கத்தான் போனனான்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். இது அவனுக்குப் புதிய செய்தி. பிறகு, கோபமில்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னான்.

“நான் சின்னப்பெடியன் அம்மா. நான் சொல்லாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். நீங்கள் சொல்லியிருக்கலாம்.”

அவள் கையை நீட்டி அவனுடைய வலக்கையைத் தொட்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

செப்ரெம்பரில் அவனுக்குப் பொதிகள் பிரிக்கும் களஞ்சியமொன்றில் வேலை கிடைத்தது. நகரத்துக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். இடக்கையால் தூக்கி, வலக்கையால் முட்டுக்கொடுக்கப் பழகிக்கொண்டான். அங்கே இருந்த துருக்கிக்காரர்களும் போலந்துக்காரர்களும் சனிக்கிழமை ஆட்டங்களைப் பற்றிச் சத்தமாகக் கதைப்பார்கள். அவன் தான் ஆடியதைச் சொன்னதில்லை. ஆறு ஆட்டம் முழுதாகவும், ஏழாவது இருபது நிமிடமும் ஆடியிருக்கிறேன் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

புஷ்பமலர் எலும்புப் பிரிவிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். இடமில்லை என்று பதில் வந்தது. காலை ஆறு மணிக்கு அவள் இன்னும் அதே நடைபாதையில் வாளியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். டொக்டர் ஹென்னிங் இப்போதும் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறாள். புஷ்பமலர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, அந்த அறையை மற்ற அறைகளைவிடக் கெதியாகத் துடைத்து முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள்.